வாடகையா, விலையா: ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை ஒரு கணக்கர் கணக்குப் பார்க்கிறார்

அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரக்கூடிய, வீட்டில் ஓரிடத்தில் வைத்துப் பயன்படுத்துகிற கான்சென்ட்ரேட்டரை முதலில் ஏழு மாதம் வாடகைக்கும், பின்னர் சொந்தமாக வாங்கி இரண்டு ஆண்டுகளும் பயன்படுத்திய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். இந்தத் திறனில் விற்கப்படும் கருவிகள் பெரும்பாலும் ஒரே முறையில் இயங்குபவை என்பதாலும், நான் சந்தித்த சிக்கல்களுக்கு நிறுவனப் பெயரை விட விற்பனை முறையே காரணம் என்பதாலும், கருவியின் பெயரையோ கடையின் பெயரையோ குறிப்பிடவில்லை. கருவியின் மருத்துவப் பயனைப் பற்றி மருத்துவர்கள் சொல்வார்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர் இதை வைத்துக்கொண்டு வேலையில் நீடிக்க முடியுமா, அதற்கு உண்மையில் என்ன செலவாகும் என்பதுதான் நான் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

கோவை மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் 22 ஆண்டுகள் பணியாற்றினேன். முதல் ஒன்பது ஆண்டுகள் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமிலும், அதைச் சீவி இழையாக்கும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசுக்கு நடுவிலும், மீதி ஆண்டுகள் ஸ்டோர் கணக்கிலும் கழிந்தன. இப்போது எனக்கு வயது 56. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர் பெயரிட்ட பிறகு ஆலையை விட்டு, ஒரு நூல் வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 86 விழுக்காடு என்று காட்டத் தொடங்கியது. இரத்த வாயுப் பரிசோதனைக்குப் பின், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பதினைந்து மணி நேரம் என்பது தோராயமாகச் சொன்ன எண் அன்று. 1980இல் அமெரிக்காவிலும் 1981இல் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகள், இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன இந்நோயாளிகள் நாளின் பெரும்பகுதி ஆக்சிஜன் எடுத்தால் கூடுதல் காலம் உயிர்வாழ்கிறார்கள் என்று காட்டின. அந்த ஆய்வுகளை அடியொற்றியே மருத்துவர்கள் இன்றும் இந்த அளவை எழுதுகிறார்கள். ஆகவே முடிந்தபோது மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று இதைத் தளர்த்துவதற்கு இடமில்லை.

ஒரு நாளில் 24 மணி நேரம். அதில் 15 போனால் மீதம் இருப்பது 9. எட்டு மணி நேர வேலை, மதிய உணவுக்கு அரை மணி, போக வர ஒரு மணி என்று கூட்டிப் பாருங்கள்; ஒன்பதரை ஆகிவிடும். குளியலுக்கும் கடைத்தெருவுக்கும் ஒரு நிமிடம்கூட ஒதுக்காத கணக்கு இது. அதாவது, வீட்டில் நிலையாக வைக்கும் கருவியை மட்டும் நம்பி ஒருவர் வழக்கமான முழுநேர அலுவலக வேலையில் இருக்கவே முடியாது. கருவியை விற்ற கடையிலும் சரி, மருத்துவமனையிலும் சரி, இந்த எளிய கழித்தலை எவரும் எனக்குச் செய்து காட்டவில்லை. முதல் இரண்டு மாதம் நான் 11 மணி நேரம்தான் ஆக்சிஜன் எடுத்துவந்தேன். ஆக்சிஜன் குறைவோடு சேர்ந்து வந்திருந்த கால் வீக்கம் குறையவில்லை என்று மருத்துவர் கேள்வி கேட்ட பிறகுதான் தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன்.

அந்தத் தாளை அப்படியே முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரக்கம் கேட்டுப் போவதைவிட, எந்த வேலையைக் கடையில் இருந்துதான் செய்தாக வேண்டும், எதை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று பிரித்து எழுதிக் கொண்டுபோவது நல்லது என்று இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்வேன். காலை 10 முதல் 2 வரை கடையில் ரொக்கக் கணக்கும் சரக்கு வரவும். மாலையில் வீட்டில் கருவியோடு உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலும் பாக்கி வசூல் தொலைபேசி அழைப்புகளும் என்று முடிவாயிற்று. சம்பளம் 24,000 ரூபாயிலிருந்து 18,000 ஆகக் குறைந்தது. வேறு இரண்டு சிறு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுவதில் 4,000 ரூபாய் கிடைக்கிறது. இந்த 22,000 ரூபாயை அடிப்படையாக வைத்தே கீழே வரும் செலவுகளைப் பார்க்க வேண்டும்.

முதலில் வாடகை. மாதம் 5,500 ரூபாய், திருப்பித் தரத்தக்க முன்பணம் 10,000 ரூபாய். மறுநாளே வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தி, மூக்குக் குழாயை மாட்டும் விதம், ஈரப்பதப் புட்டியில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் அளவு, அடுப்பு, ஊதுபத்தி, விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது என்கிற எச்சரிக்கை எல்லாவற்றையும் என் மனைவிக்கும் சேர்த்துப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வகையில் அவர்களுடைய சேவைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

குறை மூன்றாம் மாதத்தில் தெரிந்தது. கருவி ஓடிக்கொண்டிருந்தது, குமிழிகளும் வந்தன, ஆனால் ஆக்சிமீட்டர் 92க்கு மேல் ஏற மறுத்து, இரண்டு நாளில் 88க்கு இறங்கியது. அறைக் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். கருவிக்குள் இருக்கும் சியோலைட் என்னும் தாது, அழுத்தத்தில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 93 விழுக்காடு ஆக்சிஜனை வெளியே அனுப்புகிறது. அந்தச் சியோலைட் ஈரத்தாலும் வயதாலும் சோர்ந்துபோனால் கருவி ஓசையோடு ஓடும், காற்றும் வரும். ஆனால் அதில் ஆக்சிஜன் அளவு குறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை புகார் சொன்னேன். திங்கள்கிழமை மாலைதான் பழுது பார்ப்பவர் வந்தார். இடைப்பட்ட நாட்களில் சிலிண்டர் வாடகைக்கு எடுத்த செலவு என்னுடையது; இரண்டு நாள் சம்பளமும் போயிற்று. செயல்படாத நாட்களுக்கான வாடகையை நானாகக் கேட்ட பிறகே கழித்தார்கள்.

அதன் பிறகு வாடகைச் சீட்டில் மூன்று வரிகளைக் கையால் எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொண்டேன். கருவியைக் கொடுக்கும்போது ஆக்சிஜன் தூய்மையை அளவு கருவி வைத்து நம் கண்முன் காட்ட வேண்டும்; பழுதானால் 24 மணி நேரத்துக்குள் மாற்றுக் கருவியோ சிலிண்டரோ தர வேண்டும்; ஓடாத நாளுக்கு வாடகை இல்லை. கடைக்காரர் மறுக்கவில்லை. எவரும் கேட்பதில்லை என்பதால்தான் இவை சீட்டில் அச்சாகவில்லை என்று நினைக்கிறேன்.

ஏழு மாதத்தில் 38,500 ரூபாய் வாடகையாகப் போன பிறகு, 48,000 ரூபாய்க்குப் புதுக் கருவி வாங்கினேன். முன்னதாகவே வாங்கியிருக்க வேண்டுமா என்றால், மூன்று மாதம் வரை வாடகை சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். நோய் திடீரெனத் தீவிரமாகி மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பியவர்களுக்குச் சில வாரங்களில் ஆக்சிஜன் தேவையே இல்லாமல் போவதும் உண்டு. தேவையின் அளவு மாறுவதும் உண்டு. மறு பரிசோதனையிலும் தேவை உறுதியானால், அதற்குப் பின் தரும் ஒவ்வொரு மாத வாடகையும் வீண். கொரோனாக் காலத்தில் விலை கண்டபடி ஏறியதால், 2021 ஜூனில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இக்கருவிகளின் வணிக லாபத்துக்கு 70 விழுக்காடு என்று உச்சவரம்பு விதித்தது. இருந்தாலும் பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் கடையில் தரும் விலைக்கும் பெரிய இடைவெளியைக் கண்டேன். ஒரே கருவிக்கு மூன்று கடைகள் சொன்ன விலைகளுக்குள் 11,000 ரூபாய் வேறுபாடு இருந்தது. எனவே முதல் கடையிலேயே பணம் கட்டிவிட வேண்டாம்.

விலையை விடவும் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, கருவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் வாட் அளவு. இதைத்தான் இந்த மதிப்புரையில் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். என் கருவி 350 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 5.25 யூனிட், இரண்டு மாத மின்கணக்கில் 315 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை அறிவோம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை உயர்வதோடு நிற்பதில்லை; 100 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் வழக்கமான பயன்பாடு 220 யூனிட். நாளுக்கு 15 மணி நேரம் முழுதாக ஓட்டிய முதல் கணக்கிலேயே 535 ஆனது. கருவி வருவதற்கு முன் 330 ரூபாயைச் சுற்றியிருந்த கட்டணம் ஏறத்தாழ 2,400 ரூபாய் ஆயிற்று.

அந்த ரசீதைப் பார்த்த இரவு, கருவியைக் குறைத்து ஓட்டலாமா என்று எனக்கே தோன்றியது. அப்படிச் செய்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. மூச்சை மிச்சம் பிடித்துப் பணம் சேர்க்கும் அந்த நிலைக்கு ஒருவரும் தள்ளப்படக் கூடாது. குறைக்க வேண்டியது கருவியின் நேரத்தை அன்று, மற்றவற்றின் பயன்பாட்டை. பழைய குழல் விளக்குகளை எல்இடிக்கு மாற்றினோம். எந்நேரமும் ஓடும் இரண்டு மின்விசிறிகளை மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி வகைக்கு மாற்றினோம். வீட்டுப் பயன்பாடு 170க்கு இறங்கியது, மொத்தம் 485. கட்டணம் 1,750 ரூபாய் அளவில் நிற்கிறது. இதே திறனில் 300 வாட் எடுக்கும் கருவியும் சந்தையில் உண்டு. அந்த 50 வாட் வேறுபாடு இரண்டு மாதத்தில் 45 யூனிட். 500 என்னும் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை அதுவே முடிவு செய்துவிடும். 3,000 ரூபாய் அதிகம் என்றாலும் குறைந்த வாட் உள்ளதையே வாங்குங்கள்.

அடுத்தது மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் பிற்பகல்வரை வராது. அந்த நாட்களில் நான் கடைக்குச் சென்று, அங்கே மின்சாரம் இருந்தால் வேலையைத் தொடர்வேன்; அது முன்னறிவிப்போடு வருவதால் சமாளிக்கலாம். இரவில் மழைக்காற்றில் போகும் மின்சாரத்துக்கு அப்படி ஏற்பாடு செய்ய முடியாது. 150 ஆம்பியர் மணி பேட்டரியுடன் சைன் வேவ் வகை இன்வெர்ட்டர் ஒன்றை 22,000 ரூபாய்க்குப் பொருத்தினேன். கருவியையும் ஒரு விளக்கையும் மட்டும் அதில் விட்டால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்குகிறது. கருவிக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் தொடங்கும் கணத்தில் கூடுதல் மின்சாரம் இழுக்கும் என்பதால், விலை மலிவான பழைய வகை இன்வெர்ட்டரில் இதை ஓட்ட வேண்டாம் என்று மின்பணியாளர் தடுத்தது நல்லதாயிற்று.

அதற்கு மேலான நேரத்துக்கு ஒரு பி வகைச் சிலிண்டரை நிரப்பியே வைத்திருக்கிறோம். அதில் ஏறத்தாழ 1,500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். சிலிண்டரை மட்டுமே வைத்துச் சமாளிக்கலாமே என்று உறவினர்கள் கேட்பதுண்டு. நாளுக்கு 15 மணி நேரத்துக்கு 1,800 லிட்டர் வேண்டும். அதாவது தினமும் ஒரு சிலிண்டருக்கு மேல் நிரப்ப வேண்டும், மாடிக்குத் தூக்கிவர ஆளும் வேண்டும். நீண்டகாலத் தேவைக்குக் கான்சென்ட்ரேட்டருக்கு மாற்று இல்லை.

வேலை செய்யும்போது இது எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். முதல் வாரங்களில் இதன் இரைச்சல் பெரும் தொல்லையாக இருந்தது. தொலைபேசியில் பேசுபவர்கள் மில்லுக்குள் இருந்து பேசுகிறீர்களா என்று கேட்டார்கள். கருவியைக் கூடத்தில் வைத்து, 7 மீட்டர் நீளக் குழாயை அறைக்குள் கொண்டுவந்தேன். இடையில் கதவு இருப்பதால் இப்போது அழைப்புகளில் ஓசை கேட்பதில்லை. நீளக் குழாய் போட்டதும் ஆக்சிமீட்டரில் சரிபார்த்துக்கொள்வது அவசியம். கருவி சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வெளிவிடும் வெப்பத்தால் கோடைக்காலத்தில் கூடமே சூடாகிறது. மூக்குக் குழாயோடு வீடியோ அழைப்பில் வருவதற்கு ஆரம்பத்தில் கூச்சப்பட்டேன். ஒரு நாள் திருப்பூர் வாடிக்கையாளர் ஒருவர், தம் தந்தையாருக்கும் இதே கருவி ஓடுவதாகச் சொல்லிக் குழாய் எங்கே வாங்குகிறேன் என்று கேட்டார். அன்றோடு அந்தக் கூச்சம் விலகியது.

பராமரிப்பு எளிது. வாரம் ஒரு முறை பஞ்சு வடிகட்டியைக் கழுவி நன்றாக உலர்த்திப் போட வேண்டும். ஈரத்தோடு போடக் கூடாது. குழாய், புட்டி, நீர் எல்லாம் சேர்ந்து மாதம் 300 ரூபாய்க்குள் அடங்குகிறது.

எல்லாவற்றையும் கூட்டினால், கருவியும் இன்வெர்ட்டருமாக 70,000 ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பி மாதம் 1,170, கூடுதல் மின்கட்டணம் 710, சில்லறைச் செலவு 300. ஏறத்தாழ 2,200 ரூபாய். மின்கட்டணமும் கூடுதலாக இருந்த வாடகைக் காலத்தில் இதே கணக்கு 6,800 ரூபாயாக இருந்தது. 22,000 ரூபாய் வருமானத்தில் இந்த 4,600 ரூபாய் வேறுபாடு என்பது எங்கள் வீட்டின் மளிகைச் செலவு.

இந்தச் செலவில் ஒரு பகுதியையாவது எங்கிருந்தாவது பெற முடியுமா என்று நான் அலைந்து தெரிந்துகொண்டதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைச் சேர்க்கைக்கான காப்பீட்டில் மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர், மருந்தை மூச்சோடு உள்ளிழுக்க உதவும் நெபுலைசர் கிட், ஸ்பேசர் ஆகியவை பொதுவாகப் பணம் தரப்படாத பொருட்களின் பட்டியலிலேயே இருக்கின்றன. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமாகக் குறைக்கப்பட்டிருப்பது மட்டும் ஆறுதல். வருமான வரியில் குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு தரும் பட்டியலில் புற்றுநோயும் சிறுநீரகச் செயலிழப்பும் உண்டு. நம்முடைய நோய் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. நுரையீரல் நோய் அவற்றில் ஒன்றன்று. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும் ஒருவருக்கு, அந்தக் காரணத்துக்காக அடையாள அட்டையோ பேருந்துச் சலுகையோ கிடையாது. இது மாற வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை நான் தெரிந்துகொள்ளும்போது ஆலையை விட்டு விலகிவிட்டேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாத, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்களுக்கு, நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். அதற்கு மேலும் குணமாகாத 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்பு உண்டு; இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணியில் இருந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு. மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் திசு இறுகும் நோய்கள், இதயத்தைப் பாதிக்கும் நிலைக்குச் சென்ற நாள்பட்ட அடைப்பு நோய் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பஞ்சுத் தூசால் வரும் நுரையீரல் நோய், தொழில்வழி நோய் என்றே சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. என்னோடு கார்டிங்கில் இருந்த நண்பர் ஒருவர் மூச்சுக்குழாய் விரிவு நோயோடு, கணக்கை முடித்துக்கொண்டு போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இந்த உதவியைப் பற்றி அவருக்கு எவரும் சொல்லவில்லை. தயவுசெய்து ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு ஒரு முறை சென்றுவாருங்கள். நான் இப்போது இருக்கும் கடையில் ஆறு பேர் மட்டுமே வேலை செய்கிறோம்; குறைந்தது பத்துப் பேர் வேண்டும் என்பதால் இ.எஸ்.ஐ. அதற்குப் பொருந்துவதில்லை.

கையில் எடுத்துச் செல்லும் சிறிய கான்சென்ட்ரேட்டரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எடை 2 கிலோ சொச்சம்தான். அதை மாட்டிக்கொண்டு முழுநேர வேலைக்குத் திரும்பலாம் என்பதும் ஓரளவு உண்மையே. ஆனால் அந்த அளவுள்ள கருவிகள் தொடர்ந்து வாயுவை விடுவதில்லை. மூச்சு இழுக்கும் கணத்தில் மட்டும் ஒரு துளி தருகின்றன. அதில் 2 என்னும் எண், பெரிய கருவியின் 2 லிட்டருக்குச் சமம் அன்று. உறக்கத்தில் ஆழமற்ற மூச்சை அது கவனிக்காமல் போகவும் கூடும். எனக்குச் சொன்ன விலை இரண்டு லட்சத்தை ஒட்டி இருந்தது. என் குறைந்த 6,000 ரூபாய்ச் சம்பளத்தை அதனால் மீட்டாலும், போட்ட பணம் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு அருகில் ஆகும். 40,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு, அந்த வேலையைக் காப்பாற்றும் என்றால், மருத்துவரின் ஒப்புதலோடு அது தகும். எனக்குத் தகவில்லை.

கருவியின் பின்பக்கத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் எண் உண்டு. பழைய கருவி வாங்குபவர்கள் கருவியின் பளபளப்பை விட்டுவிட்டு அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். என்னுடையது இன்று 10,900 காட்டுகிறது. தூய்மை 92 விழுக்காடு இருப்பதாகச் சென்ற மாதம் அளந்து சொன்னார்கள். சியோலைட் தீர்ந்துபோகும் நாளுக்காக, அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 800 ரூபாய் கட்டத் தொடங்கியிருக்கிறேன்.